ஃபோர்மட் என்றதும் தலையாட்டாதீர்கள்

கேள்வி: ஏ.எல். படிக்கும் மகளின் லேப்டாப்பில் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது பட்டரி இறங்கி நின்றுவிட்டது. அன்றிலிருந்து 'ஓட்டோமெட்டிக் ரிப்பெயார்' என்று காட்டிவிட்டு அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் காட்டினோம். ஃபோர்மட் பண்ணத்தான் வேண்டுமாம், ஃபைல்களுக்குப் பொறுப்பில்லையாம், விண்டோஸ் கீக்குத் தனிக் காசாம். அவளுடைய நோட்ஸ் முழுக்க அதற்குள்தான். கொடுக்கலாமா?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். விண்டோஸ் எழும்பவில்லை என்பது வேறு, ஃபைல்கள் போய்விட்டன என்பது வேறு. அப்டேட் பாதியில் நின்றால் பெரும்பாலும் குழம்புவது விண்டோஸின் சொந்த ஃபைல்கள்தான். நோட்ஸ் இருந்த இடத்திலேயே இருக்கும். ஃபோர்மட் என்பது டிஸ்கைத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போடுவது. கடைக்காரருக்கு அது சுலபமான வேலை. பென் டிரைவைச் செருகி ஓடவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கலாம், அவ்வளவுதான்.

முதல் வேலை நோட்ஸை வெளியே எடுப்பது. சார்ஜரையும் ஒரு பென் டிரைவையும் செருகிவிட்டு, அந்த ரிப்பெயார் திரையில் 'அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்', 'ட்ரபிள்ஷூட்' என்று உள்ளே போனால் 'கொமாண்ட் ப்ரொம்ப்ட்' இருக்கும். அந்தக் கறுப்புப் பெட்டியில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டுங்கள். நோட்பேட் திறக்கும். அதில் ஃபைல் மெனுவில் 'ஓப்பன்' கொடுத்து, கீழே 'ஓல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் டிஸ்க் முழுவதும் தெரியும். மகளின் ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து, 'சென்ட் டு' வழியாகப் பென் டிரைவுக்கு அனுப்பலாம். வழக்கமான சி டிரைவ் அங்கே டி என்றோ வேறு எழுத்திலோ காட்டும், பதறவேண்டாம். கொப்பி ஆகும்போது எதுவும் அசையாது, உறைந்துபோன மாதிரி இருக்கும். பொறுமையாக விட்டுவிடுங்கள்.

நடுவில் 48 இலக்க ரிக்கவரி கீ கேட்டால், டிஸ்க் பிட்லொக்கர் என்ற விண்டோஸின் பூட்டால் பூட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். மகளின் மைக்ரோசொப்ட் கணக்கில் போனிலிருந்தே லொகின் செய்து பாருங்கள், அனேகமாக அங்கே இருக்கும். அந்த கீ இல்லாமல் திறந்து தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் நம்பாதீர்கள்.

லேப்டாப்புக்குள் 'டிக் டிக்' என்று சத்தம் கேட்டால் கதை வேறு. அது ஹார்ட் டிஸ்க் சாகும் அறிகுறி. திரும்பத் திரும்ப ஓன் செய்யாமல், டேட்டா ரிக்கவரி மட்டும் செய்கிறவர்களிடம் கொண்டுபோங்கள்.

நோட்ஸ் வெளியே வந்துவிட்டதா? சரி, இனித் திருத்திப் பார்க்கலாம். அதே அட்வான்ஸ்ட் பக்கத்தில் 'அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ்' இருக்கிறது. உங்கள் கதையில் நான் முதலில் அதைத்தான் தொடுவேன். அதற்கும் மசியாவிட்டால் 'ஸ்டார்ட்அப் ரிப்பெயார்', அப்புறம் 'சிஸ்டம் ரிஸ்டோர்'. கடைசியில் 'ரீசெட்' செய்யும்போது 'கீப் மை ஃபைல்ஸ்' என்பதைத் தெரிவு செய்யுங்கள். புரோகிராம்களைத் திரும்பப் போடவேண்டி வரும்.

கடைக்காரர் காசு கேட்ட விண்டோஸ் கீ விஷயம்: லேப்டாப்போடு அசல் விண்டோஸ் வந்திருந்தால் லைசன்ஸ் அந்த மெஷினோடு ஒட்டியிருக்கும். அதே பதிப்பைத் திரும்பப் போட்டு இன்டர்நெட் கொடுத்தால் தானாகவே எக்டிவேட் ஆகும். அதற்கு எதற்குக் காசு? பதிலுக்கு விண்டோஸ் 10 போட்டுத் தருகிறோம் என்றால், அதற்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்துவிட்டது என்பதையும் சொல்லிவையுங்கள்.

இதெல்லாம் உங்களால் முடியாவிட்டால் கடைக்கே கொடுங்கள், தப்பில்லை. ஆனால் 'ஃபைல்களைக் கொப்பி எடுத்த பிறகே ஃபோர்மட்' என்று வேலைச் சீட்டில் எழுதி வாங்குங்கள், மொத்தக் கூலியையும் அதிலேயே போடச் சொல்லுங்கள். எழுதித் தர மறுத்தால் வேறு கடை பாருங்கள், பம்பலப்பிட்டியில் கடைக்கா பஞ்சம்? காசு வாங்கியபின் தகராறு வந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைக்கலாம். பற்றுச்சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.