தலைக் காயம் ஆறிவிட்டது, ஆள் மாறிவிட்டார்

கேள்வி: என் கணவருக்கு 41 வயது. ஐந்து மாதங்களுக்கு முன் பைக்கில் இருந்து விழுந்து தலையில் அடிபட்டு, ஆறு நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். ஆபரேஷன் இல்லை. ரத்தக்கசிவு கரைந்துவிட்டதாக ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். வலிப்பு வந்ததே இல்லை. ஆனாலும் லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மாத்திரை 500 மி.கி. இரு வேளை சாப்பிடுகிறார். இரண்டு மாதமாக யாரிடமும் பேசுவதில்லை. தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிறார். அதிகாலை மூன்று மணிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறார். ‘நான் இருந்து என்ன பிரயோசனம்’ என்கிறார். வேலைக்குப் போகச் சோம்பல் என்கிறார் மாமியார். இது சரியாகுமா டாக்டர்?

பதில்: ‘இருந்து என்ன பிரயோசனம்’ என்பதை முதலில் கவனியுங்கள். ‘செத்துப்போயிடலாம்னு தோணுதா?’ என்று அவரிடம் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. ‘ஆமாம்’ என்றால் தனியே விடாதீர்கள். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். ராத்திரி என்றால் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகலாம். 104 அல்லது 14416 எண்ணில் எந்நேரமும் ஆலோசனை கிடைக்கும். மாத்திரை அட்டைகள் உங்கள் கையில் இருக்கட்டும். வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள்.

இது சோம்பல் இல்லை. விழும் வேகத்தில் மூளையின் முன்பகுதி, மண்டையோட்டின் அடித்தளத்தில் உள்ள கரடுமுரடான எலும்பில் உரசி நசுங்குகிறது. உள்ளே நரம்பிழைகள் இழுபட்டு அறுகின்றன. சி.டி. ஸ்கேன் ரத்தத்தைக் காட்டும், அறுந்த இழைகளைப் பெரும்பாலும் காட்டாது. அதனால்தான் ‘ஸ்கேன் கிளியர்’ என்ற பிறகும் ஆள் பழையபடி இருப்பதில்லை. தலைக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு முதல் ஓராண்டுக்குள் மனச்சோர்வு நோய் வருகிறது. வருத்தமே இல்லாமல் சும்மா உட்கார்ந்திருந்தால் அதை உந்துதல் இழப்பு என்போம். அதற்கு வைத்தியம் வேறு. உங்கள் கணவருக்குத் தூக்கம் கெடுகிறது, தன்னைப் பயனற்றவர் என்று நினைக்கிறார். மனச்சோர்வு என்றே தோன்றுகிறது.

ஆனால் நேரே மனச்சோர்வு மாத்திரைக்குப் போகாமல், முதலில் அந்த வலிப்பு மாத்திரையைப் பற்றிக் கேளுங்கள். லெவெடிராசெட்டம் சிலருக்கு எரிச்சலையும் மனச்சோர்வையும் கொண்டுவரும். வலிப்பு வராதவர்களுக்கு முன்னெச்சரிக்கையாக இதைப் பொதுவாக முதல் ஏழு நாள்தான் கொடுப்போம். அதற்கு மேல் கொடுப்பதால் பின்னாளில் வலிப்பு வராமல் தடுக்க முடியும் என்பதற்கு ஆதாரமில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதியது அப்படியே மாதக்கணக்கில் தொடர்வதை நிறையப் பார்க்கிறோம். நீங்களாக நிறுத்த வேண்டாம், சட்டென நிறுத்தினால் வலிப்பு வரலாம். நரம்பியல் மருத்துவர் படிப்படியாகக் குறைப்பார்.

அடுத்து ரத்தப் பரிசோதனை. அடிபட்டதில், மூளையின் அடியில் இருந்து மற்ற ஹார்மோன் சுரப்பிகளை இயக்கும் பிட்யூட்டரி சுரப்பியும் பழுதாகியிருக்கலாம். அப்போதும் சோர்வு, ஆர்வமின்மை, தாம்பத்திய நாட்டக் குறைவு வரும். சோடியம், காலை 8 மணி கார்டிசால், காலை டெஸ்டோஸ்டிரோன், தைராய்டுக்கு டி.எஸ்.எச்.சுடன் ஃப்ரீ டி4 பாருங்கள். டி.எஸ்.எச். மட்டும் போதாது, பிட்யூட்டரியே கெட்டிருந்தால் அது நார்மலாகவே காட்டி ஏமாற்றும்.

மனச்சோர்வுக்கு மாத்திரை தேவைப்பட்டால் பெரும்பாலும் செர்ட்ராலின் தருவார்கள். அடிபட்ட மூளை மருந்தை எளிதில் தாங்காது என்பதால் 25 மி.கி.யில் தொடங்கி, ஒரு வாரம் கழித்து 50 ஆக்குவது வழக்கம். பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டலும் பதற்றமும் வரலாம். பலர் விட்டுவிடுவது அப்போதுதான். தொடங்கிய இரண்டு வாரத்தில் சோடியத்தை மறுபடி பாருங்கள். தலைவலிக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை வேண்டாம், செர்ட்ராலினோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும், பாரசிட்டமால் போதும். தூக்கத்துக்கு அல்பிரசோலம் கேட்டு வாங்காதீர்கள், ஞாபகமும் நடையும் தடுமாறும். புப்ரோபியான் என்ற இன்னொரு மனச்சோர்வு மாத்திரை வலிப்பைத் தூண்டக்கூடியது. மது ஒரு சொட்டுகூடக் கூடாது.

வீட்டில் ‘பழையபடி இரு’ என்று நெருக்காதீர்கள். தினமும் ஒரே நேரத்தில் எழுப்பி, காலை வெயிலில் பத்து நிமிடம் நடக்க விடுங்கள். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள். ஒரு நாளைக்கு இரண்டே வேலை, நோட்டில் எழுதி வைத்து: கரன்ட் பில் கட்டுவது, பால் வாங்குவது போல. முடித்ததும் அவரே டிக் அடிக்கட்டும். டி.வி. ஓடும்போது கேள்வி கேட்காதீர்கள். இரண்டு சத்தத்தை ஒரே நேரத்தில் சமாளிக்க முடியாமல்தான் பாதிக் கோபம். வேலைக்குத் திரும்பும்போது அரை நாளில் தொடங்கச் சொல்லுங்கள்.

தலைவலி நாளுக்கு நாள் கூடினால், பகலில் அசந்து தூங்கினால், ஒரு கை கால் தளர்ந்தால் மறுபடி ஸ்கேன் எடுக்க வேண்டும்.

நல்ல முன்னேற்றம் வரும். பழைய ஆளாகவே திரும்புவார் என்று உறுதி சொல்ல மாட்டேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு டிஸ்சார்ஜ் சீட்டு, முதல் ஸ்கேன், இப்போதைய மாத்திரை அட்டைகள் மூன்றையும் எடுத்துக்கொண்டு நீங்களும் கூடப் போங்கள். தன்னிடம் வந்த மாற்றம் பல சமயம் அவருக்கே தெரியாது.