வீட்டு வைஃபைக்கு எந்தப் பூட்டு?

கேள்வி: தம்பி, எங்களுது தெருவுக்குத் தெரு போற பழைய வீடு, ரவுட்டர் முகப்புல இருக்கு. பேத்தி கல்யாணத்துக்கு வந்தவுக எல்லாருக்கும் பாஸ்வேர்டு கொடுத்தோம், வீட்டு விலாசமும் முகப்புல எழுதிருக்குற வருசமும்தான் பாஸ்வேர்டு. இப்ப சாயங்காலமானா தெரியாத பசங்க திண்ணைல போனோட உக்காந்திருக்காங்க. செட்டிங்ஸ்ல டபிள்யூஇபி, டபிள்யூபிஏ, டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3ன்னு கேக்குது. டபிள்யூபிஏ3 போட்டா வாசல் கேமரா நின்னுபோகுது. எதத்தான் போடுறது?
- ஒரு வாசகி, கானாடுகாத்தான்

பதில்: ஆச்சி, படிச்சதும் அந்த பாஸ்வேர்டுதான் எனக்கு பகீர்னுச்சு. விலாசம் ஊருக்கே தெரியும், வருசம் நிலைக்கு மேல சுதையில பெருசா நிக்குது, தெருவுல போற யாரும் ரெண்டையும் சேத்து அடிச்சுப் பாக்கலாம். இன்னைக்கே மாத்திருங்க.

செட்டிங்குக்கு வர்றேன். இந்த நாலும் வைஃபைக்குப் போடுற பூட்டு வகைங்க. டபிள்யூஇபி பக்கமே போகாதீங்க, அத 2001லயே ஒடச்சுக் காட்டிட்டாங்க, இன்னைக்கு ஒரு லேப்டாப் இருந்தா சில நிமிஷ வேலை. வெறும் டபிள்யூபிஏவும் வேணாம், டிகேஐபின்னு பழைய பூட்டு முறை போட்டிருந்தா அதுவும் வேணாம். உங்களுக்கு டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 ரெண்டும் சேந்தது இருந்தா அதப் போடுங்க, புது போன் 3 வழியா வரும், பழைய கேமரா 2 வழியா வரும். அதுலயும் கேமரா முரண்டு பிடிச்சா டபிள்யூபிஏ2ல ஏஇஎஸ்ங்குற பலமான பூட்டு முறையப் போடுங்க, பயப்பட வேண்டியதில்ல, ஆனா ஒண்ணு, டபிள்யூபிஏ2ல ஒருத்தன் உங்க போன் கனெக்ட் ஆகுற நேரத்துல போனும் ரவுட்டரும் பேசிக்கிறத பதிவு பண்ணிட்டுப் போயி வீட்ல உக்காந்து லட்சக்கணக்கா பாஸ்வேர்டு போட்டுப் பாக்க முடியும், 2018ல வந்த டபிள்யூபிஏ3ல அந்த வழிய அடச்சுட்டாங்க. ரெண்டும் சேந்து ஓடுற எடத்துல பழைய வழி தொறந்தேதான் இருக்கும், அதான் பாஸ்வேர்டு நீளமா வேணும்ங்குறேன். 8 எழுத்துலேருந்து 63 வரைக்கும் எடுத்துக்கும். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாத நாலஞ்சு வார்த்தை, கந்தரப்பம் சைக்கிள் கம்மாய் மெழுகுவத்திங்குற மாதிரி, இங்கிலீஷ் எழுத்துல சேத்து அடிச்சுக்கங்க. இதையே போட்டுறாதீங்க, இது அச்சுல வந்துருச்சு.

டபிள்யூபிஎஸ்னு ஒண்ணு இருக்கும், பாஸ்வேர்டு அடிக்காம பட்டனோ பின் நம்பரோ வச்சு கனெக்ட் பண்ற வசதி, அத ஆஃப் பண்ணிருங்க. அதோட 8 இலக்க பின் நம்பர ரெண்டா ஒடச்சு சரிபாக்குறதால 11,000 தடவ முயற்சி பண்ணாலே கண்டுபிடிச்சிரலாம்னு 2011ல தெரிஞ்சுபோச்சு. ரவுட்டருக்குள்ள போற அட்மின் பாஸ்வேர்டும் இன்னும் அட்மின்னே இருந்தா அதையும் மாத்துங்க.

விருந்தாளிக்கு கெஸ்ட் நெட்வொர்க் தனியா போட்டுக் குடுங்க, விசேஷம் முடிஞ்சதும் அத மட்டும் நிப்பாட்டுனா போதும், யார்கிட்டயும் மூஞ்சிக்கு நேரா வேணாம்னு சொல்ல வேண்டியதில்ல. முடிஞ்சா ரவுட்டர வளவுக்கு, அதான் உள்ள இருக்குற முற்றத்துப் பக்கம் மாத்துங்க. அந்தக் கனத்த சுவரத் தாண்டி ரெண்டாங்கட்டுக்குப் போறதுக்குள்ள சிக்னல் செத்துருது, தெருவுக்குத்தான் அள்ளிக் கொட்டுது.

கேள்வி: வைஃபை பேர மறச்சு வச்சா பாதுகாப்புத்தானே?
- ஒரு வாசகர், தேவகோட்டை

பதில்: இல்லண்ணே. பேர மறச்சாலும் ரவுட்டர் சிக்னல் விட்டுக்கிட்டேதான் இருக்கும், உங்க போன் கனெக்ட் ஆகும்போது அந்தப் பேரச் சொல்லித்தான் கேக்கும், இலவசமா கிடைக்கிற சாஃப்ட்வேர்ல அது அப்படியே தெரியும். உங்க பேரு, வீட்டுப் பேரு இல்லாம எதாவது வச்சு வெளியவே விட்டுருங்க.