மா, எந்த மா?

கேள்வி: தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவினர், நாங்கள் ‘அரிசி மா’ என்றால் ‘மாவு’ என்று திருத்துகிறார். எது சரி? எங்கள் ஊர்ப்பெயரில் இருப்பது எந்த மா? சங்கப் பாட்டில் மா என்றால் குதிரை. சீனத்திலும் அப்படித்தானாமே, உறவு உண்டா?
– வாசகி, மாங்குளம்

பதில்: இரண்டும் சரி. நன்னூல் சொல்லும் 42 ஓரெழுத்துச் சொற்களில் மாவும் ஒன்று. தமிழ்நாட்டில் ‘வு’ சேர்ந்த வடிவம் நிலைத்தது. இங்கே இலங்கையில் குரக்கன் (கேழ்வரகு) மா, ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) மா என்று ஓரெழுத்தாகவே நின்றது. இதில் திருத்த எதுவும் இல்லை.

ஊர்ப்பெயருக்குப் புணர்ச்சியை, அதாவது இரு சொற்கள் சேரும்போது வரும் ஒலிமாற்றத்தைப் பாருங்கள். மாவுக்குப் பின்னால் க, ச, த, ப வரிசையில் தொடங்கும் சொல்லைச் சேர்த்துச் சொல்லுங்கள். மரமானால் நடுவே மெல்லெழுத்து வரும்: மாங்காய், மாஞ்சோலை, மாந்தோப்பு, மாம்பழம். அரைத்த மாவானால் வல்லெழுத்து இரட்டிக்கும்: மாக்கோலம். ‘பெரிய’ என்ற பொருளில் எதுவும் தோன்றாது: மாகடல், மாபெரும். ஆகவே மாங்குளம், மாமரத்துக் குளம். பின்னால் ம, வ வந்தால் இந்தச் சோதனை கைகொடுக்காது. மாவிலை மரத்தின் இலை, மாவிளக்கு அரிசி மாவில் செய்தது. ஒலியில் வேறுபாடே இல்லை. முல்லைத்தீவின் மாமூலை என்ற ஊர்ப்பெயருக்கும் அதே சிக்கல்தான்.

மரத்தின் மா கடல் கடந்தது. தமிழ் மாங்காய், மலையாள மாங்ஙா வழியே போர்த்துக்கேயர் ‘மங்கா’ என்றனர். ஆங்கில ‘மேங்கோ’ அதிலிருந்து வந்தது. பக்கத்திலிருக்கும் சிங்களமோ வடமொழி ‘ஆம்ர’ வழிவந்த ‘அம்ப’வை வைத்திருக்கிறது.

சீன மொழியில் தொனிதான் சொல்லைப் பிரிக்கும். மா என்பதை உயர்ந்த குரலில் ஒரே மட்டமாக நீட்டினால் தாய், ஏற்றினால் சணல், தாழ்த்தி ஏற்றினால் குதிரை, சட்டென இறக்கினால் திட்டுதல். அந்தக் குதிரைச் சொல்லின் பழைய வடிவத்தில் ம-வுக்குப் பின் ‘ர’ ஒலி இருந்ததாக மொழியியலாளர் மீட்டுருவாக்கியுள்ளனர். இன்றைய ஒற்றுமை அந்த ‘ர’ தேய்ந்த பிறகு வந்தது, உறவுக்குச் சான்றாகாது. எழுத்துச் சிங்களத்தில் மா ‘என்னை’, வடமொழியில் ‘வேண்டாம்’, இத்தாலியத்தில் ‘ஆனால்’, ஹங்கேரியத்தில் ‘இன்று’. ஓருயிர், ஒரு மெய் மட்டுமே கொண்ட சொல்லுக்கு இப்படி ஒலி பொருந்துவது மிக எளிது. பழைய வடிவங்களை ஒப்பிடாமல் உறவு சொல்லக் கூடாது.

கேள்வி: ‘பத்து மா நிலம்’ என்றால் எவ்வளவு?
– வாசகர், நெடுங்கேணி

பதில்: மா என்பது 1/20 என்ற பின்னத்தின் பெயர். காவிரிப் படுகையில் 20 மா ஒரு வேலி என்ற நில அளவு. ஒரு மா ஏறத்தாழ மூன்றில் ஒரு ஏக்கர். பத்து மா என்றால் மூன்று ஏக்கருக்குச் சற்று அதிகம்.