கேள்வி-பதில்: அந்த 2.23-இல் ஆக்சிஜன் எங்கே?

இந்த முறை எல்லாமே ஆக்சைடு படிகங்களின் பிணைப்பு நீளம் பற்றிய கேள்விகள். எண்கள் ஆங்ஸ்ட்ராமில் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு), கடைசி இலக்கத்தைத் தாராளமாக முழுமையாக்கியிருக்கிறேன்.

கே: சிலிக்கன்-ஆக்சிஜன் பிணைப்பு நீளம் எவ்வளவு?

எதில்? குவார்ட்ஸில் 1.61. ஸ்டிஷோவைட்டில் 1.76-ம் 1.81-ம். இரண்டும் சிலிக்காதான், ஆனால் முன்னதில் சிலிக்கனைச் சுற்றி 4 ஆக்சிஜன், பின்னதில் 6. இருக்கிற 4 இணைதிறனை ஆறாகப் பங்கிட்டால் ஒவ்வொரு பிணைப்பும் நலிந்து நீளத்தான் செய்யும். அணைவு எண்ணை, அதாவது ஓர் அணுவோடு நேரே பிணைந்த அணுக்கள் எத்தனை என்பதை, சொல்லாமல் நீளம் கேட்காதீர்கள்.

கே: குருந்தத்தில் (அலுமினியம் ஆக்சைடு) அலுமினியத்தைச் சுற்றி 3 பிணைப்புகள் 1.86, மற்ற 3 பிணைப்புகள் 1.97. அளவீட்டில் தவறா?

இல்லை, சரியாகத்தான் அளந்திருக்கிறீர்கள். அலுமினியத்தைச் சுற்றிய 6 ஆக்சிஜன்களும் சேர்ந்து ஓர் எண்முகி; அது பக்கத்து எண்முகியோடு ஒரு முகத்தையே பகிர்ந்துகொள்வதால் இரண்டு அலுமினியங்களும் ஒன்றையொன்று தள்ளுகின்றன. பகிர்ந்த முகத்தின் பக்கம் இருப்பவை நீளும்.

கே: பிணைப்பு நீளத்துக்காக அயனி ஆரங்களைக் கூட்டிப் பார்த்தேன். விடை பொருந்தவில்லை.

எந்தப் படிகம் என்று எழுதவே இல்லையே! ஊகித்துச் சொல்கிறேன்: அட்டவணையில் அணைவு எண் 6-க்கான ஆரத்தை எடுத்து, 4 ஆக்சிஜன் மட்டுமே சூழ்ந்த நான்முகியில் போட்டிருப்பீர்கள். அலுமினியத்துக்கு 6 என்றால் 0.54, 4 என்றால் 0.39. ஷானன் 1976-இல் வெளியிட்ட அயனி ஆர அட்டவணையில் அணைவு எண் வாரியாகப் பிரித்திருப்பது அழகுக்காக அல்ல.

கே: காப்பர்(II) ஆக்சைடுக்குச் சராசரி பிணைப்பு நீளம் 2.23 என்று கொடுத்தால் போதுமா?

போதாது. இந்தச் சராசரி வியாதியைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. நான் மதிப்பிட்ட ஓர் ஆய்வேட்டில் அட்டவணை முழுக்கச் சராசரிகள்தான். தனித்தனி நீளங்களைக் கேட்டதற்கு, 'கணினியில் இருக்கின்றன' என்று பதில் வந்தது. அங்கே இருந்து யாருக்கு லாபம்?

இந்தப் படிகத்தில் காப்பருக்கு 1.95-இல் 4 ஆக்சிஜன்கள், தள்ளி 2.78-இல் 2. ஜான்-டெல்லர் விளைவின் கைவரிசை: காப்பரின் எலக்ட்ரான் அமைப்பே எண்முகியைக் கோணவைக்கிறது. 2.23-இல் ஓர் ஆக்சிஜன்கூட இல்லை.

பிணைப்பு இணைதிறன் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஒவ்வொரு பிணைப்பின் நீளத்திலிருந்தும் அதன் பங்கு இணைதிறனைக் கணித்துக் கூட்ட வேண்டும். குட்டையானது ஒவ்வொன்றும் சுமார் 0.48, நீளமானது 0.05. மொத்தம் 2.0; காப்பருக்கு வேண்டியதும் அதுவே. இப்போது ஆறும் 2.23 என்று வைத்துப் போடுங்கள்: 1.35-தான் வரும். மீதி எங்கே போயிற்று? நீளம் கூடக் கூட இணைதிறன் அடுக்குக்குறி வேகத்தில் சரிகிறது. அதனால் குட்டையான பிணைப்பு கொடுப்பதைச் சராசரி விழுங்கிவிடும். எண்முகி கோணாமல் இருந்திருந்தால் ஆறும் 2.09-இல் நின்றே 2 கிடைத்திருக்கும். கோணினால் சராசரி ஏறும். அந்த ஏற்றத்தைப் பார்த்து 'அயனி பெரிதாகிவிட்டது' என்று எழுதுபவர்களும் உண்டு.

வனேடியம் பென்டாக்சைடு இன்னும் மோசம்: ஒரு பக்கம் 1.58, நேர் எதிரே 2.79. அதற்கும் சராசரி போடுவார்கள்!

கே: உயர்வெப்பக் கிரிஸ்டோபலைட்டில் (இதுவும் சிலிக்காதான்) சிலிக்கன்-ஆக்சிஜன் 1.55 வருகிறது. சூட்டில் பிணைப்பு சுருங்குமா?

சுருங்கவில்லை. ஆக்சிஜன் பக்கவாட்டில் அலைகிறது. நீங்கள் அளந்தது சராசரி இடங்களுக்கு நடுவே உள்ள தூரம். உண்மை நீளம் 1.6-ஐ ஒட்டியே இருக்கிறது. (இங்கேயும் சராசரி!)

கே: நீளத்தை 5 தசம இலக்கம் வரை தரலாமா?

பிழை வரம்பு எவ்வளவு? அதை எழுதி அனுப்புங்கள், அப்புறம் பேசலாம். அணைவு எண்ணையும் சேர்த்து.