மூன்று ரிப்போர்ட்டும் நெகட்டிவ், புண் மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது

கேள்வி: எட்டு மாதத்தில் நான்கு முறை, பிறப்புறுப்பில் இடப்பக்கம் ஏறக்குறைய ஒரே இடத்தில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்துவிட்டன. வருவதற்கு முந்தின நாளே அந்த இடம் குறுகுறுக்கிறது, லேசாக எரிகிறது. ஒரு வாரத்தில் பொருக்குத் தட்டி ஆறிவிடுகிறது. டாக்டரிடம் போன அன்று எல்லாம் ஆறிப்போயிருந்தது. "ஹெர்பிஸ் என்ற வைரஸ் தொற்றாக இருக்கலாம், டெஸ்ட் எடுத்துப் பாருங்கள்" என்றார். முதல் புண் வந்த பத்தாம் நாள், பால்வினை நோய்களுக்கான முழு பேக்கேஜ் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். ஐந்தாவது வாரம், எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஜி ரத்தப் பரிசோதனை எடுத்தேன். மூன்றாவது முறை புண் வந்தபோது நான்காம் நாள், புண்ணைப் பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுக்கும் ஸ்வாப் கொடுத்தேன். மூன்றும் நெகட்டிவ். ரிப்போர்ட்டை நம்புவதா, உடம்பை நம்புவதா? இதைவிடப் பெரிய பேக்கேஜ் இருக்கிறது என்கிறார்கள். வாங்கலாமா? (பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: வாங்காதீர்கள். உங்கள் அடுத்த செலவு முதலில் புதிதாக வரும் கொப்புளத்துக்கு இருக்கட்டும், ரத்தத்துக்கு அப்புறம். எனக்கு மருத்துவப் படிப்பு கிடையாது. காசு கொடுத்து வாங்கும் பரிசோதனை என்ன சொல்லும், என்ன சொல்லாது என்று பார்த்துச் சொல்வதுதான் இந்தப் பகுதியின் வேலை. உங்கள் மூன்று ரிப்போர்ட்டையும் வரி வரியாகப் படித்தேன். நீங்கள் கேட்ட கேள்விக்கு அந்த மூன்றில் ஒன்றுகூடப் பதில் சொல்லவில்லை.

முதலில் அந்த பேக்கேஜ். எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைடிஸ் பி, கிளமிடியா, கொனோரியா எல்லாம் அதில் இருக்கின்றன. ஹெர்பிஸ் என்ற இடத்தில் இருக்கும் ஒரே வரி, 'எச்.எஸ்.வி. 1 மற்றும் 2, ஐஜிஎம்'. எச்.எஸ்.வி. என்பது ஹெர்பிஸ் வைரஸின் பெயர்ச் சுருக்கம், 1, 2 என்பவை அதன் இரண்டு வகைகள். ஐஜிஎம் என்பது புதுத் தொற்றின்போது முதலில் உருவாகும் எதிர்ப்புப் பொருள் என்று பாடத்தில் படித்திருப்போம். ஹெர்பிஸைப் பொறுத்தவரை அந்தக் கணக்கு சரிவருவதில்லை. பழைய தொற்று திரும்ப வரும்போதும் ஐஜிஎம் தலைகாட்டலாம், புதுத் தொற்றில் காட்டாமலும் போகலாம், முதல் வகையா இரண்டாம் வகையா என்று பிரித்தும் சொல்லாது. அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையமான சி.டி.சி., ஹெர்பிஸைக் கண்டுபிடிக்க ஐஜிஎம் எடுக்க வேண்டாம் என்றே சொல்கிறது. இத்தனைக்குப் பிறகும் பல பேக்கேஜ்களில் இந்த வரி உட்கார்ந்திருப்பது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. பயத்தோடு வருகிற மனிதரிடம் பயனில்லாத ஒன்றை விற்பது சாதாரணத் தவறு இல்லை.

இரண்டாவது, ஐஜிஜி. இது சரியான வகை டெஸ்ட்தான், நாள்தான் தப்பு. தொற்று உடம்பில் நுழைந்த பிறகு, கண்டுபிடிக்கிற அளவுக்கு ஐஜிஜி சேரப் பல வாரங்கள் ஆகும். பலருக்குச் சில வாரங்களிலேயே வந்துவிடும், சிலருக்கு மூன்று மாதத்துக்கு மேலும் இழுக்கும். அதனால்தான் சீக்கிரம் எடுத்து நெகட்டிவ் வந்தால், தொற்று நேர்ந்திருக்கலாம் என்று நினைக்கும் நாளிலிருந்து 12 வாரம் கழித்துத் திரும்ப எடுக்கச் சொல்கிறார்கள். நீங்கள் எடுத்தது ஐந்தாவது வாரம். அன்றைக்கு வந்த நெகட்டிவ், "இன்னும் தெரியவில்லை" என்பதற்கு மேல் எதையும் சொல்லவில்லை.

மூன்றாவதைப் பார்த்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. ஸ்வாப் ரிப்போர்ட்டின் தலைப்பில் 'கல்ச்சர் அண்ட் சென்சிடிவிட்டி' என்று இருக்கிறது. கீழே, '48 மணி நேரத்துக்குப் பிறகு வளர்ச்சி இல்லை'. அது பாக்டீரியாவுக்கான பரிசோதனை. புண்ணில் சீழ் பிடித்திருந்தால் எந்தக் கிருமி, எந்த ஆன்டிபயாட்டிக் கேட்கும் என்று பார்ப்பதற்காகச் செய்வது. ஹெர்பிஸ் ஒரு வைரஸ். உயிருள்ள செல்லுக்குள் மட்டும்தான் பெருகும், பாக்டீரியா வளர்க்கிற தட்டில் எத்தனை நாள் வைத்தாலும் வளராது. எழுதியவர் வெறுமனே 'ஸ்வாப்' என்று எழுதியிருக்கலாம், கவுன்டரில் இருந்தவர் வழக்கமாகப் போடும் டெஸ்ட்டைப் போட்டிருக்கலாம். எப்படியோ, உங்கள் புண்ணிலிருந்து எடுத்ததில் வைரஸை யாரும் தேடவே இல்லை.

சரி, அப்படியானால் எது வேலைக்கு ஆகும்? புண்ணிலிருந்து எடுக்கும் ஸ்வாபில், வைரஸின் மரபணுவைத் தேடி, எச்.எஸ்.வி. 1, 2 இரண்டையும் தனித்தனியாகச் சொல்லும் பி.சி.ஆர். வைரஸை வளர்த்துப் பார்க்கும் வைரல் கல்ச்சர் என்று ஒன்றும் உண்டு. ஆனால் திரும்ப வரும் புண்களில் வைரஸ் குறைவாக இருக்கும். ஆறத் தொடங்கிவிட்டால் கல்ச்சர் பெரும்பாலும் கோட்டைவிடும். பி.சி.ஆர். அதைவிட நுட்பமானது.

எடுக்கும் விதத்தில்தான் பாதி விஷயம் இருக்கிறது. கொப்புளம் வந்து 24 மணி நேரத்துக்குள் போனால் நல்லது, 48 மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். பொருக்கு கட்டிய புண்ணைத் தொட்டு எடுப்பதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. கொப்புளத்தின் மேல்தோலைக் கிருமி நீக்கிய ஊசியால் மெதுவாகத் திறந்து, உள்ளே இருக்கும் நீரையும், அதைவிட முக்கியமாக அடியில் இருக்கும் சிவந்த தளத்தையும், ஸ்வாபை உருட்டி உருட்டி அழுத்தித் தேய்த்து எடுக்க வேண்டும். வைரஸ் இருப்பது அந்தத் தளத்துச் செல்களில். கொஞ்சம் வலிக்கும். வலிக்கவே இல்லை, மேலாக ஒரு தடவு தடவிவிட்டார்கள் என்றால் அந்த நெகட்டிவை நான் முழுசாக நம்பமாட்டேன். எடுத்ததும் வைரஸுக்கான திரவம் உள்ள குழாயில் போட வேண்டும். பாக்டீரியா கல்ச்சருக்கு வைத்திருக்கும் ஜெல் குழாய் இதற்கு உதவாது. அசைக்ளோவிர் களிம்போ மாத்திரையோ ஆரம்பித்துவிட்டால் வைரஸ் குறைந்துபோகும். அதனால் முதலில் ஸ்வாப், அப்புறம் மருந்து. உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் கர்ப்பமாக இருப்பவர்களும் மட்டும் இதற்காக மருந்தைத் தள்ளிப்போடக் கூடாது. உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

நான்கு முறை வந்தது ஐந்தாவது முறையும் வரலாம். வந்த பிறகு லேப் தேடினால் இரண்டு நாள் அதிலேயே ஓடிவிடும். இப்போதே டாக்டரிடம் பேசி, 'புண் ஸ்வாப், எச்.எஸ்.வி. 1/2 பி.சி.ஆர்.' என்று முழுசாக எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். லேபுக்கு போன் செய்து, புண்ணிலிருந்து எடுக்கும் ஸ்வாபுக்கு இந்த டெஸ்ட் செய்கிறீர்களா, இரண்டு வகையும் தனியாக வருமா, சரியான குழாய் இருக்கிறதா, யார் எடுப்பார்கள், விடுமுறை நாளில் எடுப்பீர்களா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் வேறு லேப் பாருங்கள். குறுகுறுப்பு ஆரம்பித்த அன்றே நேரம் வாங்கிவிடுங்கள். செல்போனில் தேதி தெரியும்படி ஒரு படமும் எடுத்து வையுங்கள். ஆறிப்போன இடத்தை டாக்டரிடம் காட்டிப் பயனில்லை என்பது உங்களுக்கே தெரியும்.

எட்டு மாதம் ஆகிவிட்டதால், வகை பிரித்துச் சொல்லும் ஐஜிஜியையும் இப்போது ஒரு முறை எடுக்கலாம். இரண்டாம் வகைக்கு அதன் நெகட்டிவ் இனி பெரும்பாலும் நம்பத்தகுந்தது. முதல் வகைக்கு அவ்வளவு சொல்ல முடியாது. பரவலாகப் பயன்படும் ஒரு டெஸ்ட்டை, மிக நம்பகமான வெஸ்டர்ன் பிளாட் முறையோடு ஒப்பிட்டபோது, முதல் வகைத் தொற்று உள்ளவர்களில் சுமார் 70 சதவீதம் பேரைத்தான் அது பிடித்தது. பிறப்புறுப்பு ஹெர்பிஸ் முதல் வகையாலும் வரும். ஆக, ஐஜிஜி நெகட்டிவ் என்பதை மட்டும் வைத்து முதல் வகை இல்லவே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பாசிட்டிவ் வந்தாலும் அது வாயில் இருக்கிறதா, கீழே இருக்கிறதா என்று ரத்தம் சொல்லாது. திரும்பவும் ஸ்வாபிடம்தான் வர வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் படித்துவிட்டு, "அப்படியானால் எனக்கு ஹெர்பிஸ்தான்" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முன்கூட்டியே குறுகுறுப்பதும், ஒரே பக்கத்தில் வருவதும் ஹெர்பிஸோடு ஒத்துப்போகின்றன என்பது உண்மை. அந்த வைரஸ் முதுகெலும்பின் அடிப்பக்க நரம்பு முடிச்சில் தங்கி, அதே நரம்பு வழியாகத் திரும்பத் திரும்ப வெளியே வரும். ஆனால் ஒத்துப்போகிற வேறு காரணங்களும் உண்டு. அடுத்த கேள்வியைப் படியுங்கள். முடிவு தெரியும்வரை, குறுகுறுப்பு ஆரம்பித்ததிலிருந்து தோல் முழுசாக ஆறும்வரை உடலுறவைத் தள்ளி வையுங்கள். துணைவரிடம் "பரிசோதனை நடக்கிறது, இன்னும் தெரியவில்லை" என்று சொன்னால் போதும். அது முழு உண்மை. ஒருவேளை ஹெர்பிஸ் என்றே வந்தாலும் நீங்கள் தனி ஆள் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 2020ஆம் ஆண்டில், 15 முதல் 49 வயது வரை உள்ளவர்களில் 84 கோடிப் பேருக்கு மேல் பிறப்புறுப்பு ஹெர்பிஸ் தொற்று இருந்தது. ஐந்தில் ஒருவருக்கும் மேல்.

கேள்வி: நான் எல்லாம் சரியாகத்தான் செய்தேன். புதுக் கொப்புளத்தில் முதல் நாளே இரண்டு தடவை பி.சி.ஆர்., நெகட்டிவ். ஒன்றரை வருடம் கழித்து எடுத்த ஐஜிஜியில் இரண்டு வகையும் நெகட்டிவ். ஆனாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அதே இடத்தில் சிவந்து, புண்ணாகி, ஆறுகிறது. ஆறின இடம் கறுப்பாக நிற்கிறது. வெஸ்டர்ன் பிளாட்டுக்கு வெளிநாட்டுக்கு ரத்தம் அனுப்பலாமா?

பதில்: உங்களுக்கு என் பதில் நேர்மாறானது. நீங்கள் சரியான டெஸ்ட்டை, சரியான நாளில், ஒன்றுக்கு இரண்டு தடவை எடுத்திருக்கிறீர்கள். அந்த நெகட்டிவை நம்புங்கள். உங்கள் புண் பொய் இல்லை, அதன் காரணம்தான் வேறாக இருக்க வாய்ப்பு அதிகம். வெஸ்டர்ன் பிளாட் நல்ல பரிசோதனைதான். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பல வருடங்களாகச் செய்து வந்திருக்கிறார்கள். ஆனால் அதுவும் ஹெர்பிஸா என்ற அதே கேள்வியைத்தான் கேட்கும். உங்களுக்குத் தேவை வேறு கேள்வி.

கறுப்பாக நிற்கிறது என்று கடைசியாகப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதை டாக்டரிடம் முதலில் சொல்லுங்கள். ஒரு குறிப்பிட்ட மருந்து ஒத்துக்கொள்ளாமல், அதைச் சாப்பிடும்போதெல்லாம் ஒரே இடத்தில் தோல் சிவந்து, சில சமயம் கொப்புளித்துப் புண்ணாகி, கறுத்துப்போவது உண்டு. 'ஃபிக்ஸ்டு டிரக் எரப்ஷன்' என்பார்கள். பிறப்புறுப்பு அதற்குப் பிடித்தமான இடங்களில் ஒன்று. இபுபுரூஃபன், நாப்ராக்சன் போன்ற வலி மாத்திரைகள், கோ-டிரைமாக்ஸசோல், டாக்சிசைக்ளின் மாதிரி ஆன்டிபயாட்டிக்குகள், பூஞ்சைக்குக் கொடுக்கும் ஃபுளூகோனசோல்கூடக் காரணமாகலாம். மருந்து உள்ளே போன சில மணி நேரத்திலேயே தொடங்கிவிடும். தலைவலிக்கு என்றைக்கோ போட்ட மாத்திரை யாருக்கு ஞாபகம் இருக்கும்? அதனால் இன்றிலிருந்து ஒரு நோட்டில் தேதி போட்டு, விழுங்கும் ஒவ்வொரு மாத்திரையையும் எழுதுங்கள், மருந்துச் சீட்டு இல்லாமல் வாங்கியதையும் சேர்த்து. பக்கத்திலேயே புண் வந்த தேதி. சோதித்துப் பார்க்கிறேன் என்று சந்தேகப்படும் மாத்திரையை நீங்களாக விழுங்க வேண்டாம்.

மருந்தில் தடம் கிடைக்காவிட்டால் தோல் மருத்துவரிடம் போய், புண் இருக்கும் நாளில் காட்டுங்கள். சோப்பு, ஆணுறை ரப்பர், துணி உரசல், சவரம் செய்த முடிக்கால் சீழ், பூஞ்சை, சொரியாசிஸ், லைக்கன் வகை நோய்கள் என்று வரிசை நீளம். சின்னத் தோல் துணுக்கு எடுத்துப் பார்த்தால் பல சமயம் விடை கிடைத்துவிடும். வாயிலும் அடிக்கடி புண் வருகிறது, கண்ணும் சிவந்து வலிக்கிறது என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், பெசெட் என்ற நோய் அப்படி வரும். சிபிலிஸ் ரத்தப் பரிசோதனையை இதுவரை எடுக்கவில்லை என்றால் எடுத்துவிடுங்கள். அதன் புண் பெரும்பாலும் வலிக்காது, தானாகவே ஆறியும் விடும், அதனாலேயே தவறிப்போகும்.

ஒன்று மட்டும்: "அசைக்ளோவிர் போட்டேன், ஐந்து நாளில் ஆறிவிட்டது, அப்படியானால் ஹெர்பிஸ்தானே" என்று எழுதியிருந்தீர்கள். போடாவிட்டாலும் அது ஐந்து நாளில் ஆறியிருக்கும். நீங்கள் சொன்ன முந்தைய தடவைகளில் அப்படித்தான் நடந்திருக்கிறது.

கேள்வி: எனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஹெல்த் செக்கப் பேக்கேஜில் எச்.எஸ்.வி. 2 ஐஜிஜி 1.6, பாசிட்டிவ் என்று வந்திருக்கிறது. தூக்கமே இல்லை.

பதில்: இன்னும் முடிவு கட்ட வேண்டாம். ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளை அளக்கும் பல எலிசா டெஸ்ட்களில் 1.1க்கு மேல் பாசிட்டிவ் என்று அச்சாகிவிடும். ஆனால் 1.1 முதல் 3 வரையான எண்களில் தவறான பாசிட்டிவ் நிறைய; அமெரிக்க மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2023இல் இதைப் பற்றி எச்சரிக்கையே விட்டது. வேறு முறையில் ஒரு உறுதிப்படுத்தும் டெஸ்ட் எடுக்கும்வரை அதை 'சந்தேகம்' என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தொந்தரவு இல்லாதவர்களுக்கு இந்த ரத்தப் பரிசோதனையை வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்று அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழு சொல்வதும் இதனால்தான். அடுத்த முறை செக்கப் பேக்கேஜ் வாங்கும்போது, பணம் கட்டுவதற்கு முன் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஹெர்பிஸ் வரி இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள்.