ரியல் எஸ்டேட்டில் மேற்படிப்பு: சேலத்திலிருந்து சில கேள்விகள்

அஸ்தம்பட்டியில் என் அலுவலகத்துக்கு இரண்டு வகை ஆட்கள் வருவார்கள். வங்கிக் கடனுக்காக வீட்டுக்கு மதிப்பு போடச் சொல்பவர்கள் ஒரு வகை. பையனையோ பெண்ணையோ கூட்டிக்கொண்டு வந்து, "நீங்க படிச்சதை இவங்களும் படிக்கலாமா சார்?" என்று கேட்பவர்கள் இன்னொரு வகை. நான் இங்கிலாந்து போனபோது அம்மா உறவுக்காரர்களிடம் "சர்வேயருக்குப் படிக்கப் போறான்" என்று சொல்லிவிட்டார். செயின் பிடித்து நிலம் அளக்க அவ்வளவு தூரம் போகணுமா என்று பெரியப்பா கேட்டார். நியாயமான கேள்வி. அந்த ஊரில் சார்ட்டர்ட் சர்வேயர் என்றால் சொத்துக்கு மதிப்பு போடுகிறவர், குத்தகை பேசுகிறவர், முதலீட்டுக்கு யோசனை சொல்கிறவர் எல்லாரும் அடக்கம். இதை விளக்குவதற்குள் பெரியப்பா காபி குடித்து முடித்துவிட்டார்.

சமீபத்தில் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

பி.காம் முடித்திருக்கிறேன். அப்பா ஓமலூர் பக்கம் பிளாட் போட்டு விற்கிறார். "என்கிட்டயே தொழில் கத்துக்கோ, மாஸ்டர்ஸ் எதுக்கு?" என்கிறார். பி.காமுக்கு இடம் கிடைக்குமா?

இடம் கிடைக்கும். இங்கிலாந்தில் வேறு துறையில் பட்டம் வாங்கியவர்களை ரியல் எஸ்டேட்டுக்குத் திருப்புவதற்கென்றே ஒரு வருட எம்.எஸ்ஸி படிப்புகள் இருக்கின்றன. ரெடிங் பல்கலைக்கழகம் இதில் பழைய பெயர். கேம்பிரிட்ஜில் ரியல் எஸ்டேட் ஃபைனான்ஸுக்கு எம்.பில். உண்டு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்ஸி. அமெரிக்காவில் எம்.ஐ.டி. 1983-லேயே இதற்கென ஒரு மையம் தொடங்கியது. இந்தியாவுக்குள் என்றால் புனேயின் நிக்மர், நொய்டாவில் அமிட்டி வளாகத்தில் இருக்கும் ஆர்.ஐ.சி.எஸ். (சார்ட்டர்ட் சர்வேயர்களின் சங்கம்) பள்ளி. அமெரிக்காவில் மட்டும் மூன்று வருடப் பட்டத்தை ஏற்பார்களா என்று ஒவ்வொரு கல்லூரியிடமும் கேட்டுவிடுங்கள். சிலர் மொத்தம் 16 வருடப் படிப்பு வேண்டும் என்பார்கள்.

அப்பா சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. ஒரு ஏக்கர் விலைக்கு வந்தால் அவர் கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் ஒரு கணக்குப் போடுவார், கவனித்திருப்பீர்கள். ஏக்கர் 43,560 சதுரடி. ரோடு, பூங்காவுக்கான 10 சதவீதம் எல்லாம் போக 24,000 சதுரடி விற்கலாம். சதுரடி 1,000 ரூபாய் என்றால் 2.4 கோடி. ரோடு, சாக்கடை, டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல், கமிஷன் 60 லட்சம், வட்டி 20 லட்சம், நம் லாபம் 40 லட்சம். மீதி 1.2 கோடி. அதற்கு மேல் நிலத்துக்காரருக்குக் கொடுக்க முடியாது. இந்தக் கணக்குக்கு வகுப்பில் 'ரெசிடுவல்' முறை, அதாவது மீதி காணும் முறை என்று பெயர். அப்பா ஏற்கெனவே பாஸ்.

பத்திரிகையின் பின்பக்கத்தில் வராதது அடுத்த வரி. விற்பனை விலை 10 சதவீதம் குறைந்து 900 ஆனால்? வரவு 2.16 கோடி. மற்ற செலவு எதுவும் குறையாது. நிலத்துக்குக் கொடுக்கக்கூடியது 96 லட்சம்தான். மனை விலை 10 சதவீதம் இறங்கினால் நிலத்தின் மதிப்பு 20 சதவீதம் இறங்குகிறது. முன்பணம் கொடுத்து அக்ரிமெண்ட் போட்டுவிட்டு மாட்டிக்கொண்டவர்கள் எல்லாரும் இந்த வரியில்தான் மாட்டினார்கள். மாஸ்டர்ஸ் படிப்பு பெரும்பாலும் இந்த அடுத்த வரியைப் பற்றியதுதான். அப்பாவின் தொழிலையே அதே அளவில் தொடரப் போகிறீர்கள் என்றால் 30 லட்சம் செலவழிக்க வேண்டியதில்லை. அலுவலகக் கட்டடம், கிடங்கு, முதலீட்டு நிறுவனம் என்று வேறு மேடைக்குப் போக வேண்டும் என்றால் படியுங்கள்.

கணக்கு எனக்கு வராது. பிளஸ் டூவில் தப்பித்துப் பாஸ் ஆனவள். சமாளிக்க முடியுமா? (சூரமங்கலம்)

உங்கள் ஏரியாவிலேயே ஒரு கடையை எடுத்துக்கொள்வோம். விலை 1.2 கோடி சொல்கிறார்கள், மாத வாடகை 35,000. வருடத்துக்கு 4.2 லட்சம். சொத்து வரி, ரிப்பேர், ஆள் மாறும்போது ஒரு மாதம் காலி, இதெல்லாம் கழித்து 3.6 லட்சம் என்று வையுங்கள். போட்ட பணத்துக்கு 3 சதவீதம். "வாடகையை விடுங்க மேடம், பத்து வருஷத்துல டபுள்" என்பார் புரோக்கர். பத்து வருடத்தில் இரண்டு மடங்கு என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 7.2 சதவீதம். அதுவும் முத்திரைத்தாள், பதிவுக் கட்டணம் என்று 9 சதவீதம், அதாவது 10.8 லட்சம் முதல் நாளே கையைவிட்டுப் போன பிறகு.

இது புரிந்ததா? அப்படியென்றால் முதல் செமஸ்டரில் பாதி புரிந்துவிட்டது. மீதிப் பாதி, வருங்காலப் பணத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவருவது. பத்து வருடம் கழித்து வரும் ஒரு கோடி, 10 சதவீத வட்டியில் இன்றைக்கு 38.5 லட்சம்தான். எல்லாவற்றையும் எக்செல் போட்டுவிடும். இப்போதே அதில் விரல் பழகிக்கொள்ளுங்கள். கால்குலஸ் கேட்க மாட்டார்கள். ஜி.ஆர்.இ., ஜிமேட் கேட்கும் கல்லூரிகள் உண்டு, கேட்காதவையும் நிறைய உண்டு.

எஸ்.ஓ.பி. (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு வைக்கும் கட்டுரை) எழுதி அனுப்பியிருக்கிறேன், திருத்திக் கொடுங்கள் சார். (தாதகாப்பட்டி)

திருத்தவில்லை தம்பி, மொத்தமாக மாற்றச் சொல்கிறேன். "சிறு வயதிலிருந்தே வானளாவிய கட்டடங்கள் என்னைக் கவர்ந்தன" என்று ஆரம்பித்திருக்கிறீர்கள். தாதகாப்பட்டியில் எந்த வானளாவிய கட்டடம்? கன்சல்டன்சியில் கொடுத்த மாதிரியைப் பார்த்து எழுதியது என்று முதல் வரியிலேயே தெரிகிறது. இதே வரியை இந்த வருடம் மூன்று பேரிடம் பார்த்துவிட்டேன்.

உங்கள் மின்னஞ்சலின் கடைசியில், போகிற போக்கில், ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். 2014-ல் வீட்டில் வாங்கிய மனை அங்கீகாரம் இல்லாதது, 2016-க்குப் பிறகு விற்கவும் முடியவில்லை, அக்காவின் கல்யாணம் அதனால் ஒரு வருடம் தள்ளிப்போனது என்று. அதை எழுதுங்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லாத மனைகளின் பதிவுக்குத் தடை போட்டது. 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. கட்டணம் கட்டினீர்கள். ஒரே மண், ஒரே நான்கு எல்லை, ஒரே பட்டா. ஆனால் ஒரு உத்தரவுக்கு முன்னும் பின்னும் அதன் விலை வேறு. விலை என்பது மண்ணில் மட்டும் இல்லை, காகிதத்திலும் இருக்கிறது என்பதை வீட்டுக்குள்ளேயே பார்த்தவர் நீங்கள். அங்கே உட்கார்ந்து விண்ணப்பம் படிக்கும் பேராசிரியருக்கு இது புதிது.

இன்னொரு விஷயமும் இதில் சேரும். இங்கிலாந்தில் நிலப் பதிவேட்டில் பெயர் ஏறினால் அந்த உரிமைக்கு அரசே உத்தரவாதம். நம் ஊரில் சார்பதிவாளர் பதிவு செய்வது பத்திரத்தை மட்டும்தான், உரிமையை அல்ல. அதனால்தான் தாய்ப்பத்திரம், வில்லங்கம் முப்பது வருடத்துக்கு, பட்டா, சிட்டா, எஃப்.எம்.பி. (நில அளவை வரைபடம்) என்று ஒரு கட்டு காகிதத்தைத் தூக்கிக்கொண்டு வக்கீலிடம் போகிறோம். இந்த வித்தியாசத்தைப் படிக்க விரும்புகிறேன் என்று ஒரு பத்தி. அந்தக் கல்லூரியின் எந்தப் பாடம் இதற்கு உதவும் என்று பெயரோடு இரண்டு வரி. படித்து முடித்து என்ன வேலை என்று ஒரு பத்தி. போதும். "உலகத்தரம் வாய்ந்த தங்கள் பல்கலைக்கழகம்" எல்லாம் வேண்டாம், அவர்களுக்கே தெரியும்.

அப்பா பெயரில் வாழப்பாடி அருகே மூன்று ஏக்கர் தோட்டம். கல்விக் கடனுக்கு அடமானமாக எடுக்க வங்கியில் மறுக்கிறார்கள். ஏன்?

விவசாய நிலம் என்பதால். கடன் வாராக்கடன் ஆனால் வங்கி கோர்ட்டுக்குப் போகாமலே சொத்தை எடுத்து விற்க 2002-ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டம் வழி செய்கிறது. அந்தச் சட்டத்தின் 31-வது பிரிவில் விவசாய நிலத்துக்கு விலக்கு. விவசாயிக்கு அது பாதுகாப்பு. கல்விக் கடன் கேட்கும் பிள்ளைக்கு அதுவே முட்டுக்கட்டை. மேலாளர்மேல் கோபப்பட்டுப் பயன் இல்லை. வீடு, அப்ரூவல் உள்ள மனை, வைப்புத்தொகை, எல்.ஐ.சி. சரண்டர் மதிப்பு, இதில் எது இருக்கிறது என்று பாருங்கள். பொதுவாக ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் அடமானம் கேட்பார்கள். அடமானமே இல்லாமல் தரும் தனியார் நிறுவனங்களும் உண்டு, வட்டி கூடுதல்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு கணக்கு. 30 லட்சம், 11 சதவீதம் என்றால் வட்டி மட்டும் மாதம் 27,500. படிக்கும்போது கட்டாவிட்டாலும் அது ஓடிக்கொண்டேதான் இருக்கும். தோட்டத்தை விற்றுப் படிக்கட்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நிக்மர் மாதிரி இங்கேயே படித்துவிட்டு, சம்பளம் வந்த பிறகு வெளிநாட்டைப் பற்றி யோசிக்கலாம்.

கருப்பூர் அரசு பொறியியல் கல்லூரியில் சிவில் முடித்தேன். உங்களைப் போல மதிப்பீட்டாளர் ஆக வெளிநாட்டுப் பட்டம் கட்டாயமா?

இல்லவே இல்லை. 2017-ஆம் ஆண்டு பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் விதிகளின்படி, நிலம் மற்றும் கட்டடப் பிரிவுக்கு சிவில் பட்டமும் ஐந்து வருட அனுபவமும் போதும். முதுகலை இருந்தால் மூன்று வருடம். பிறகு 50 மணி நேரப் பயிற்சி, ஐ.பி.பி.ஐ. (திவால் வாரியம்) நடத்தும் தேர்வு. மதிப்பீட்டுக்கென்றே முதுகலை வேண்டுமானால் குஜராத்தில் வல்லப் வித்யாநகர் சர்தார் படேல் பல்கலைக்கழகம் இருக்கிறது. வெளிநாட்டிலேயே தொழில் செய்ய நினைத்தால் அது வேறு கதை: அங்கீகாரம் பெற்ற பட்டம், அதற்கு மேல் இரண்டு வருட வேலைப் பயிற்சி, நேர்முகம், பிறகுதான் ஆர்.ஐ.சி.எஸ். உறுப்பினர். இந்த வரிசை தெரியாமல், பட்டம் கையில் வந்த அன்றே பெயருக்குப் பின்னால் எழுத்துப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துப் போகிறவர்கள் அதிகம்.

ஏற்காட்டில் எங்களுக்குச் சின்னக் காபி எஸ்டேட். வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்துவிட்டது, செப்டம்பரில் கிளம்புகிறேன். ஆய்வறிக்கையை ஏற்காடு நில விலையைப் பற்றி எழுதலாமா?

எழுதலாம், ஆனால் "விலை" என்று தலைப்பு வைக்காதீர்கள். வந்த கேள்விகளில் எனக்கு மிகப் பிடித்தது இது, அதனால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

புள்ளிவிவர முறையில் விலையை ஆராய நூற்றுக்கணக்கான விற்பனைகள் வேண்டும். மலையில் வருடத்துக்கு எத்தனை எஸ்டேட் கைமாறுகிறது? மாறினாலும் பத்திரத்தில் இருக்கும் தொகை வேறு, பேசியது வேறு என்பது உங்களுக்கே தெரியும். வழிகாட்டி மதிப்பை எடுத்து ஓட்டினால் அரசு போட்ட எண்ணைப் பற்றித்தான் ஆராய்ந்திருப்பீர்கள்.

அதற்குப் பதிலாக ஒரே ஒரு எஸ்டேட்டை எடுத்துக்கொண்டு, அதன் மிகச் சிறந்த பயன்பாடு எது என்று கேளுங்கள். காபியும் மிளகுமாகவே தொடர்வதா, இருக்கும் பங்களாவை ஹோம்ஸ்டே ஆக்குவதா, வில்லா மனையாகப் பிரிப்பதா? மேலோட்டமாக மூன்றாவதுதான் ஜெயிக்கும். சட்டங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வையுங்கள். 1990 முதல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம், நாம் ஹாகா என்கிறோமே, அதன் எல்லைக்குள் ஏற்காடு வருகிறது. மனை பிரிக்கவும் கட்டவும் அந்தப் படியையும் ஏற வேண்டும். சில்வர் ஓக் மரத்தை வெட்டுவதற்கு 1955-ஆம் ஆண்டு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம். காபித் தோட்டம் என்பதால் நில உச்சவரம்புச் சட்டத்தில் கிடைத்த விலக்கு, காபியை எடுத்துவிட்டால் என்னவாகும் என்பது இன்னொரு கேள்வி. பிறகு சரிவு, தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் எத்தனை மாதத் தாமதம், எவ்வளவு செலவு என்று போட்டு மூன்று வழிகளையும் இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால், எது ஜெயிக்கும் என்று எனக்கும் பார்க்க ஆசை.

காக்பர்ன் என்ற சேலம் கலெக்டர் 1820 வாக்கில் காபியைக் கொண்டுவந்த கதையை முன்னுரையில் அரைப் பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். கிளம்பும் முன் தோட்டத்தின் பத்து வருடக் கணக்கு நோட்டுகளைப் போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். பழம் பறித்த கூலி, மிளகு விற்ற சீட்டு, டீசல் பில், எல்லாமே. அங்கே போன பிறகு வீட்டில் போன் போட்டுக் கேட்டால் "அந்த அலமாரி சாவி எங்கேன்னு தெரியலப்பா" என்றுதான் பதில் வரும்.

மனைவி, குழந்தையோடு இங்கிலாந்து போகலாமா? 2024 ஜனவரியிலிருந்து, பாடவழி முதுகலை மாணவர்கள் குடும்பத்தைச் சார்ந்தோர் விசாவில் அழைத்துப்போக முடியாது. விசாவுக்குக் காட்டும் பணம் கணக்கில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். மாமாவிடம் கைமாற்று வாங்கி இரண்டு நாள் காட்டுவதெல்லாம் எடுபடாது.

பரிந்துரைக் கடிதம் கல்லூரி முதல்வரிடம் வாங்கவா? அவருக்கு உங்கள் முகம் தெரியுமா? தெரியாவிட்டால் பாடம் எடுத்தவரிடம் வாங்குங்கள்.

விண்ணப்பத்தில் "குடும்பப் பெயர்" கேட்கிறார்கள். எனக்கு இனிஷியல்தான் இருக்கிறது. என்ன போடுவது? (அயோத்தியாபட்டணம்)

பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, ஒரு எழுத்து மாறாமல். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் என்று இருந்தால் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழி இப்போதே வாங்கி வையுங்கள். நான் அவசரத்தில் இரண்டு கட்டங்களையும் மாற்றி நிரப்பிவிட்டேன். அந்த வருடம் முழுவதும் பேராசிரியர்கள் வகுப்பில் என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பட்டமளிப்பு விழா வீடியோவில் தன் பெயர் ஒலிபெருக்கியில் வருவதை அப்பா இன்னமும் வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுகிறார்.