நகையை அடகு வைக்கும் முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: மன்னார்குடி பக்கம் கிராமம். சொந்த நிலம் ஒன்பது மா (மூன்று ஏக்கர்), குத்தகை ஆறு மா. சம்பா நெல் போட்ட பணத்தில் கடனெல்லாம் அடைத்தது போக 1,30,000 ரூபாய் கணக்கில் இருக்கிறது. ஆறு பவுன் நகை உண்டு. மகள் அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்துவிட்டு பி.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன் என்கிறாள். மகன் அதே பள்ளியில் பத்தாவது முடித்தான். கம்பெனி வேலைக்குத்தான் போவானாம். தனியார் பாலிடெக்னிக்கில் வருடத்துக்கு 65,000 கேட்கிறார்கள். எனக்கு 36 வயது, பிளஸ் டூ படித்திருக்கிறேன். பக்கத்து நர்சரி பள்ளியில் 6,000 ரூபாய் சம்பளத்துக்குக் கூப்பிடுகிறார்கள். மழலையர் கல்வி டிப்ளமோ இருந்தால் 7,000 தருவார்களாம். சமுதாயக் கல்லூரி என்று போர்டு போட்ட ஓர் இடத்தில் அந்த டிப்ளமோவுக்கு 48,000 கேட்கிறார்கள். மூன்று பேரும் இந்த ஆண்டே சேர, நகையை இரண்டு வட்டிக்கு வைக்கலாமா?
– ஒரு வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: நகை பீரோவிலேயே இருக்கட்டும். நீங்கள் எழுதிய மூன்று படிப்பில் எதற்கும் அது தேவைப்படாது.

உங்கள் படிப்பிலிருந்தே தொடங்குகிறேன், சகோதரி. இந்த மாதிரிக் கடிதங்களில் அம்மாவின் ஆசையைத்தான் எல்லோரும் கடைசியில் வைப்பார்கள். அந்த 48,000 ரூபாய் உங்களுக்குக் கொண்டுவருவது மாதம் 1,000 ரூபாய் கூடுதல் சம்பளம். போட்ட பணம் திரும்பவே நான்கு வருடம் ஆகும். கோடை விடுமுறையில் பள்ளி சம்பளம் தராவிட்டால் ஐந்தை நெருங்கும். இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். 48,000-க்கு மாத வட்டி 960 ரூபாய். கூடுதலாக வரும் ஆயிரத்தில் 960-ஐ வட்டிக்கடைக்காரர் எடுத்துக்கொண்டால் உங்களுக்கு மிஞ்சுவது 40 ரூபாய். அசல் அப்படியே நிற்கும்.

டிப்ளமோ இல்லாமலே 6,000 தரத் தயாராக இருக்கிறார்கள் அல்லவா? ஜூனில் வேலையில் சேருங்கள். சேர்ந்துகொண்டே படிக்க இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் மழலையர் பராமரிப்பு, கல்விக்கான ஓராண்டு டிப்ளமோ இருக்கிறது, பிளஸ் டூ போதும். கட்டணம் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். பாடநூல் எந்த மொழியில் வருகிறது என்று மட்டும் சேரும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். 48,000 கேட்கும் அந்த நிறுவனத்தைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. 1995-ல் புதுச்சேரியில் தொடங்கிய சமுதாயக் கல்லூரி முறை நல்ல முறைதான். பள்ளியோடு நின்றவர்களுக்குக் குறைந்த செலவில் கைத்தொழில் கற்றுத்தர வந்தது. ஆனால் போர்டைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். சான்றிதழில் கையெழுத்துப் போடுவது யார், தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமா, வேறு பல்கலைக்கழகமா, அல்லது அவர்களே அச்சடித்துத் தருவதா என்று எழுத்தில் கேளுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். இந்த டிப்ளமோவை வைத்து அரசு வேலை கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆசிரியராக இரண்டு ஆண்டு தொடக்கக் கல்விப் பட்டயமும் டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் முதல் தாள் தேர்ச்சியும் வேண்டும். அங்கன்வாடிப் பணியாளர் நேரடி நியமனத்துக்குப் பொதுவாக 35 வயதுதான் உச்சவரம்பு. சில பிரிவினருக்கு மட்டும் 40 வரை தளர்வு உண்டு. நீங்கள் அதில் வருவீர்களா என்று குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

மகன் விஷயத்துக்கு வருவோம். மூன்று வருடத்துக்கு 1,95,000 ரூபாய் கட்டும் முன், அரசு ஐடிஐயை, அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தைப் பாருங்கள். அங்கே பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் 1,000 ரூபாயும் கிடைக்கும். ஆக மாதம் 1,750. மாநிலத்தில் 71 அரசு ஐடிஐகளை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கியிருக்கிறார்கள். கணினி இயக்கும் சிஎன்சி எந்திரம், ரோபாட்டிக்ஸ் போன்ற பிரிவுகள் அவற்றில் வந்திருக்கின்றன. உங்கள் பக்கத்தில் எந்த ஐடிஐயில் இது இருக்கிறது என்று கலந்தாய்வுக்கு முன்பே விசாரியுங்கள். டர்னர், ஃபிட்டர், மெஷினிஸ்ட் எல்லாம் இரண்டு ஆண்டுப் படிப்பு. டிப்ளமோ ஆசை அப்போதும் தீராவிட்டால் ஐடிஐ முடித்தவன் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

டெல்டாவில் ஆலையே வராது, அப்புறம் ஐடிஐ எதற்கு என்று யாராவது சொல்லுவார்கள். 2020-ல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் உருக்காலை, தோல் தொழிற்சாலை, மீத்தேன் எடுப்பது என்று ஒரு பட்டியலைத்தான் தடுக்கிறது. லேத் பட்டறைக்குத் தடையில்லை. ஆனாலும் பெரிய எண்ணிக்கையில் வேலை இருப்பது திருச்சி அருகே துவாக்குடி, ஓசூர், சென்னை அருகே ஒரகடம் பக்கம்தான். துவாக்குடிப் பட்டறைகள் கொதிகலன் செய்யும் அரசு நிறுவனமான பெல்லின் ஆர்டரை நம்பியே வளர்ந்தவை. அங்கே ஆர்டர் குறைந்தபோது இங்கே ஷட்டர் இறங்கியதும் உண்டு. அதனால் அந்தப் பட்டறைகள் கேட்கும் வெல்டிங்கோடு நிற்காமல் எந்திரப் பிரிவு எதையாவது எடுக்கச் சொல்லுங்கள். மகனுக்கு உண்மையான செலவு படிப்பு முடிந்த பிறகுதான் வரும். ஊரை விட்டுப் போகும்போது அறை முன்பணம், பாத்திரம் பண்டம், முதல் சம்பளம் வரும்வரை சாப்பாடு என்று 25,000 ரூபாயாவது கையில் இருக்க வேண்டும். அது இல்லாமல்தான் நிறையப் பிள்ளைகள் இரண்டே மாதத்தில் ஊர் திரும்பிவிடுகிறார்கள். தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சி கிடைத்தால் உதவித்தொகை உண்டு, விடாமல் விண்ணப்பிக்கட்டும். பெரிய கம்பெனியில் பழகுநராகச் சேர்ந்தாலும் அங்கேயே வேலை நிரந்தரம் என்று அர்த்தமில்லை.

மகளுக்குச் செலவு குறைவு, பொறுமைதான் அதிகம் வேண்டும். மன்னார்குடி, திருவாரூர், கும்பகோணம் என்று அரசுக் கலைக் கல்லூரிகள் பஸ் தூரத்திலேயே இருக்கின்றன. சிறப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், புத்தகம் எல்லாம் சேர்ந்தாலும் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கான புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் கிடைக்கும் 1,000 ரூபாயில் அது அடங்கிவிடும். ஆனால் பி.ஏ. பொருளாதாரம் முடித்த மறுநாளே யாரும் வேலை தரமாட்டார்கள். டிஎன்பிஎஸ்சி குரூப் 2, வங்கித் தேர்வு, அல்லது எம்.ஏ. என்று இன்னும் இரண்டு மூன்று வருடம் வீட்டில் சோறு போட நீங்கள் தயாரா என்பதுதான் கேள்வி. தயார் என்றால் நல்ல படிப்பு. புள்ளியியல் தாளை மட்டும் ஒப்புக்குப் படிக்க வேண்டாம் என்று அவளிடம் சொல்லுங்கள். எம்.ஏ. ஆசை வந்தால் நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகமே இருக்கிறது, அதற்கான நுழைவுத் தேர்வில் அந்தப் பாடம் கை கொடுக்கும்.

இனி அந்த 1,30,000. கல்லூரிக் கட்டணமும் குறுவை நெல் சாகுபடிச் செலவும் ஒரே ஜூன், ஜூலையில்தான் வரும். மேட்டூர் அணை ஜூன் 12-ம் தேதி திறந்தால் உழவு, விதை, நடவுக் கூலி என்று பணம் ஓடும். அடுத்த வரவு செப்டம்பர், அக்டோபரில் கொள்முதல் நிலையத்தில் நெல்லைப் போட்ட பிறகுதான். குறுவைக்கு, சொந்த நிலத்துக்காவது, கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் எடுங்கள். உரிய காலத்தில் கட்டினால் வட்டி கிடையாது. கையிலிருக்கும் பணத்தில் 30,000 மூன்று பேரின் சேர்க்கைக்கும் பஸ்ஸுக்கும். 25,000 மகனின் வெளியூர்ப் பயணத்துக்கு இரண்டு வருட வைப்பில். 40,000-ஐத் தொடாதீர்கள், மழை கெடுத்த வருடத்துக்கு அது. மிச்சம் 35,000 குத்தகை நிலத்துச் சாகுபடிக்கு. உங்கள் கணவருக்கு 50 வயதுக்குள் என்றால் வங்கியில் ஆண்டுக்கு 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் போட்டுவிடுங்கள். இரண்டிலும் தலா 2 லட்சம்.

பிள்ளைகள் இருவர் பெயரிலும் ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். அது இல்லாவிட்டால் நான் மேலே சொன்ன உதவித்தொகை எதுவும் வந்து சேராது.